நவமியன்று அழிந்த மஞ்சள் கீறுகள்

1

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மிசிசாகா கராஜில் இருந்தவர்கள் இரண்டு பேர்: குலம் அண்ணை, அவருடைய மனைவி பவளமக்கா. இல்லாதவர்கள் நான்கு பேர். முதலாளி வோல்ற்றர் தேவாலயத்துக்குப் போயிருந்தார். அதே கராஜில் வேலை செய்த நான், ஞாயிறுகளில் செய்கிற டோனற் கடைக் காலை வேலையில் நின்றேன். குலம் அண்ணையின் மகள் தர்சினியும் மகன் கஜனும் கொழும்பில் ஒரு லொட்ஜில், சித்தி ஒருத்தியின் பொறுப்பில், கனடாவில் இருந்து வரும் நல்ல செய்திக்காகக் காத்திருந்தார்கள்.

இந்த நான்கு பேரில் ஒருவராவது அங்கே நின்றிருந்தால் அது நடந்திருக்காது. வோல்ற்றரோ நானோ நின்றிருந்தால் தடுத்திருப்போம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்திருந்தால் பவளமக்கா அவ்வளவு பயபக்தியோடு அந்தக் காரைத் துடைத்திருக்கவே மாட்டா.

காரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பழைய கார் என்றதும் ஊரில் இதை வாசிப்பவர்கள் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடும் இங்கிலீஷ் கார்களை நினைப்பீர்கள். இது அந்தச் சாதி இல்லை. ஐம்பதுகளில் அமெரிக்காவில் செய்தது. கூரையை மடித்துப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வானம் பார்த்து ஓடலாம். நீளத்தில் ஒரு வள்ளம். நிறம், முற்றாத மாங்காயின் பச்சை. அந்த வகையில் செய்ததே கொஞ்சம், மிஞ்சியது அதிலும் கொஞ்சம் என்று வோல்ற்றர் சொல்லுவார். ஒரு பண்ணைக் கொட்டிலில் கோழிகள் முட்டையிடும் நிலையில் அதைக் கண்டெடுத்து, ஆறு வருடமாகத் திருத்தினார். வெளித்தகரம் முழுவதையும் மண்கடதாசியால் தேய்த்து, முகம் தெரியும்படி ஆக்கியது குலம் அண்ணை.

"என்ரை மூண்டாவது பிள்ளை உது," என்பார். "மற்ற ரெண்டும் கைக்கெட்டாத தூரத்திலை. உதை ஒண்டைத்தான் தடவிப் பார்க்கலாம்."

பிள்ளைகளைக் கூப்பிட ஸ்பொன்சர் பத்திரங்கள் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி. இவருக்கு இங்கே நிரந்தர வேலை, இன்ன சம்பளம் என்று முதலாளி கையெழுத்து வைத்த கடிதம். கடிதத்தை நானே தட்டச்சு செய்து வோல்ற்றரின் மேசையில் வைத்தேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, பாரத்துக்கு ஒரு பழைய பிஸ்டனை அதன்மேல் தூக்கி வைத்தார்.

"கார் விற்கட்டும். விற்றால்தான் இந்தக் கராஜ் நிரந்தரமா என்று எனக்கே தெரியும். விற்ற உடனே கையெழுத்து."

ஒஹாயோவில் இருந்து ஒரு சேகரிப்பாளர் வருவதாக இருந்தது. அந்த ஞாயிறு, பின்னேரம் நாலு மணிக்கு.

2

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கல்லுடைத்தவர், கைநாட்டு. அதனால்தானோ என்னவோ, எங்கே போனாலும் எழுத்து வேலை என்னைத் தேடிவந்துவிடும். இங்கேயும் தூசிக்குள் நின்று தேய்க்கச் சேர்த்த என்னை, எழுத்து நன்றாக இருக்கிறது என்று வோல்ற்றர் பாதி நாட்களுக்கு மேசையில் இருத்தினார். அவருக்குக் கை நடுங்கும். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார்.

ஒஹாயோக்காரருக்குப் படங்களும் விபரங்களும் எழுதி அனுப்பியது நான்தான். அப்போதுதான் வோல்ற்றர் பொனற்றைத் தூக்கி எனக்கு ஒன்றைக் காட்டினார். எஞ்சினுக்குப் பின்னால், ஆட்கள் இருக்கும் பகுதியைப் பிரிக்கும் இரும்புத் தகட்டில், மஞ்சள் கிறேயனால் சில கீறுகள். ஒரு ஏழு. ஒரு சரி அடையாளம். இரண்டு எழுத்து. அதற்குக் கீழே வளைந்த ஒரு கோடு. தொழிற்சாலையில் ஒவ்வொரு கட்டமும் முடிய, பரிசோதித்தவன் போட்ட அடையாளங்கள்.

"மற்றதெல்லாம் நாங்கள் புதுக்கியது," என்றார் வோல்ற்றர். "பணமும் பொறுமையும் இருந்தால் யாரும் செய்யலாம். இது மட்டும் நாற்பது வருடத்துக்கு முன் ஒருவன் தன் கையால் போட்டது. இந்தக் காருக்கு இதுதான் பிறப்புச் சான்றிதழ். ஒஹாயோக்காரன் இதற்காகத்தான் வருகிறான்."

எனக்கு அது உடனே விளங்கியது. பிறப்புச் சான்றிதழுக்காக அகதிகள் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

குலம் அண்ணையிடம் வோல்ற்றர் சொன்னது, "பொனற்றுக்குள் தொடவேண்டாம்" என்பது மட்டும். ஏன் என்று அவர் சொல்லவில்லை. குலம் அண்ணையும் கேட்கவில்லை. இங்கே வேலைத்தலங்களில் எங்கள் ஆட்கள் ஏன் என்று கேட்பது குறைவு. கேட்டால் இங்கிலிஷ் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள் என்று பயம்.

3

அந்த ஞாயிறு நவமி. ஆயுத பூசை. கார் விற்கப்போகிற நாளும் நவமியும் ஒன்றாக வந்ததைப் பவளமக்கா தற்செயலாக எடுக்கவில்லை. கராஜில் பூசை வைத்தே தீரவேண்டும் என்று நின்றா. குலம் அண்ணை வோல்ற்றரிடம் "பிறேயர், ரூல்ஸ், ஒன்லி ஹாஃப் அவர்" என்று கேட்டு அனுமதி வாங்கினார். ரூல்ஸ் என்றதை எந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று தெரியாமல் வோல்ற்றர் என்னைப் பார்க்க, 'டூல்ஸ்' என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார், வேலைச் சாமான்கள் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவருடைய நிபந்தனை ஒன்றுதான்: உள்ளே பெயின்ற் கரைக்கும் தின்னர் இருக்கிறது, நெருப்புக் கூடாது.

நான் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வேலை மேசையில் சிவப்புத் துணி விரித்து, ஸ்பனர்கள், சுத்தியல், தேய்க்கிற மெஷின், குலம் அண்ணையின் கையுறை எல்லாம் வரிசையாய் இருந்தன. என் பேனையும் இருந்தது. மேசை லாச்சியில் கிடந்த மஞ்சள் கிறேயனைக்கூட விடவில்லை. பின்னால் மளிகைக் கடைக் கலண்டரில் இருந்து வெட்டிய சரஸ்வதி.

"வாரும் பண்டிதர்," என்றார் குலம் அண்ணை. "உம்மடை பேனையையும் பூசையிலை வைச்சாச்சு. நாளைக்கு விடியும்வரைக்கும் நீரும் எங்களைப்போலை கைநாட்டுத்தான்."

"பகிடியை விட்டிட்டு விளக்கைக் காட்டுங்கோ," என்றா அக்கா. கற்பூரம் இருந்தது, கொளுத்த முடியாது. குலம் அண்ணை எஞ்சின் பார்க்கிற மின்விளக்கை, அதன் நீள வயர் கால்களில் சிக்கச் சிக்க, மூன்று முறை சுற்றிக் காட்டினார். அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டா. தர்சினியின் பெயரும் கஜனின் பெயரும் வாய்க்குள் கேட்டன.

பிறகு அவலும் கடலையும் தந்தபடி சொன்னா:

"காருக்கும் பொட்டு வைச்சிருக்கிறன், வந்து பாருங்கோ தம்பி."

பொனற் திறந்திருந்தது. உள்ளே அந்தத் தகடு பளிச்சென்று துடைத்துக் கிடந்தது. அதன் நடுவில் வரிசையாகச் சந்தனப் பொட்டு, மேலே குங்குமம்.

"ஆரோ பொடியள் மஞ்சள் கிறேயனாலை கிறுக்கி வைச்சிருந்தவை. அவ்வளவு வடிவான காருக்கு! இவர் கண்டும் காணாதமாதிரி விட்டிருக்கிறார். தின்னர் தொட்டு ஒரு துடை. அவ்வளவுதான், போயிட்டுது."

"எல்லாத்தையுமோ அக்கா?"

"ஒண்டும் விடேல்லை."

நான் கடலையைக் கீழே வைத்தேன். இரண்டு பேருக்கும் விசயத்தைச் சொன்னேன். அக்கா முதலில் நம்பவில்லை.

"கிறுக்கலுக்கோ காசு குடுக்கினம்? உந்த நாட்டிலை அழுக்கையும் விலைக்கு வாங்குவினமோ?"

குலம் அண்ணை தகட்டைப் பார்த்தார். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வோல்ற்றரின் மேசையைப் பார்த்தார். பிஸ்டன் இருந்தது. அதன் கீழே கடிதமும் இருந்தது.

"கீறல் விழுமெண்டாக்கும் தொடவேண்டாம் எண்டவன் எண்டு நினைச்சன். துணிதானே எண்டு விட்டிட்டன்," என்றார். "நாலு மணிக்கு எல்லே அந்தாள் வாறது?"

4

வோல்ற்றர் இரண்டு மணிக்கு வந்தார். தேவாலயத்து உடுப்பு, கழுத்தில் ரை. பூசை மேசையைப் பார்த்துச் சிரித்தார். அடுத்து பொனற்றுக்குள் பார்த்தார்.

கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. கோட்டைக் கழற்றிக் கதவில் போட்டார். குந்தியிருக்க ஒரு ரயரைத் தேடி உட்கார்ந்தார்.

"யார்?"

குலம் அண்ணை முன்னுக்குப் போய் நின்றார். "மை வைஃப். கிளீன். ஃபோர் காட்," என்று சரஸ்வதி படத்தைக் காட்டினார்.

வோல்ற்றர் எழும்பி உள்ளே போய், ஒஹாயோவுக்கு அனுப்பிய படங்களின் பிரதிகளை எடுத்துவந்து என் கையில் தந்தார்.

"உன்னால் இதைப் பார்த்து அப்படியே எழுத முடியும். இரண்டு மணித்தியாலம் இருக்கிறது."

எனக்கு முடியும்தான். அந்த ஏழின் கழுத்து எப்படி வளைகிறது என்று கண்ணை மூடினாலும் தெரியும். நான் சிவப்புத் துணியில் இருந்த கிறேயனுக்குக் கையை நீட்டினேன். பவளமக்கா குறுக்கே வந்து நின்றா.

"பூசையிலை வைச்சதை நாளைக்குத்தான் எடுக்கலாம்."

அக்கா என்ன சொல்லுகிறா என்று வோல்ற்றர் கேட்டார். சொன்னேன். அவர் பர்சைத் திறந்து இரண்டு டொலர்த் தாள் ஒன்றை எடுத்தார். "பிளாசாவில் புதுக் கிறேயன் வாங்கி வா. ஓடு."

ஓடினேன். போகும்போது ஒன்றும் யோசிக்கவில்லை. திரும்பி வரும்போதுதான் அம்மா ஞாபகத்துக்கு வந்தா. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நவமி என்றால் என் சிலேற்றையும் புத்தகங்களையும் கழுவித் துடைத்த பலகையில் அடுக்கிவிட்டு, அன்று முழுக்க என் வலது கையைக் கவனித்துக்கொண்டே இருப்பா. விரலால் மண்ணில் கோடு போட்டாலும் அடி. "எழுத்து இந்த வீட்டுக்கு இப்பதான் வந்திருக்கு. கோவிச்சுக்கொண்டு போயிடும்" என்பா. அடுத்த நாள் விஜயதசமி விடிய, முதல் வேலை எழுதுவது. என்ன எழுதுகிறேனோ அந்த வருடம் முழுக்க அதுதான் நிலைக்கும் என்று நம்பினா. கணக்கு எழுதாதே, கடன் எழுதாதே, சாமி பெயர் எழுது என்பா.

கராஜுக்குள் நுழையும்போது மூன்று பேரும் நான் விட்டுப்போன இடத்திலேயே நின்றார்கள்.

"தம்பி," என்றா அக்கா, "கிறேயன் புதுசு. நாள் அதே நாள்தானே."

"விடப்பா," என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார் குலம் அண்ணை. "பிள்ளையளின்ரை விசயம்."

"பிள்ளையளின்ரை விசயம் எண்டபடியாலைதான் சொல்லுறன். துடைச்சது நான். அதுக்கு வாற பழியை நான் ஏத்துக்கொள்ளுறன். நவமியிலை கள்ளமாய் எழுதின எழுத்திலை என்ரை பிள்ளையள் இஞ்சை வந்து இறங்க வேண்டாம்."

"வராமலே போனால்?"

அக்கா நகரவில்லை.

வோல்ற்றருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. விளங்காமலே எல்லாம் விளங்கியது போல என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "இன்றைக்கு எழுத முடியாது."

"என்ன சொன்னாய்?"

"எங்களுக்கு இன்றைக்கு எழுதக்கூடாத நாள். நாளைக்கு எழுதலாம்."

"நாளைக்கு அந்த மனிதன் ஒஹாயோவில் இருப்பான்!"

கிறேயனை என் கையில் இருந்து பறித்துக்கொண்டு காருக்குப் போனார். குனிந்தார். மஞ்சள் முனை தகட்டை நெருங்கியது. கை நடுங்கத் தொடங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து நடுங்கின. ஒரு கோடும் போடவில்லை. கிறேயனைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

நாளைக்கென்றால் நான் எழுதியிருப்பேனா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தெரியாது. அன்று எனக்குப் பொய்யில் பயமா, நாளில் பயமா என்பதே தெரியாது.

5

ஒஹாயோக்காரர் நேரத்துக்கு வந்தார். உயரமான மனிதர். மெல்லிய குரல். காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். கூரையை மடிக்கச் சொன்னார், திரும்ப விரிக்கச் சொன்னார். கதவைத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். குலம் அண்ணை தேய்த்த தகரத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவி, "யார் செய்தது?" என்றார். வோல்ற்றர் காட்டினார். ஒஹாயோக்காரர் குலம் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு பையில் இருந்து சின்ன ரோர்ச்சை எடுத்து, "பொனற்றைத் திறவுங்கள்," என்றார்.

சந்தனத்தை அக்கா துடைத்துவிட்டிருந்தா. தகடு வெறுமையாக இருந்தது. ரோர்ச் வெளிச்சம் இடமிருந்து வலம் போனது. வலமிருந்து இடம் வந்தது. நின்றது. அவர் பையில் இருந்து நான் அனுப்பிய படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார்.

"இந்த அடையாளங்கள் எங்கே?"

வோல்ற்றர் வாயைத் திறந்தார். இருமினார். என்னைப் பார்த்தார். நான் குலம் அண்ணையைப் பார்த்தேன். குலம் அண்ணை நிலத்தைப் பார்த்தார்.

சாப்பாட்டு அறையில் இருக்கச் சொல்லியிருந்த பவளமக்கா, அவல் கடலைத் தட்டோடு அப்போதுதான் வெளியே வந்தா. படத்தையும் ரோர்ச்சையும் எங்கள் முகங்களையும் கண்டா. தட்டை ஒரு கைக்கு மாற்றிவிட்டு மற்றக் கையை நெஞ்சில் வைத்தா.

"மீ," என்றா. "மீ வோஷ். டுடே காட் டே. சொறி."

நாலு வருடக் கனடா வாழ்க்கையில் அக்கா ஒரு வெள்ளைக்காரரோடு நேரடியாகப் பேசி நான் கண்டது அதுதான் முதல் தடவை.

ஒஹாயோக்காரர் வோல்ற்றர் பக்கம் திரும்பினார். வோல்ற்றர் தலையை ஆட்டினார். சட்டைப்பையில் இருந்த புதுக் கிறேயனை எடுத்துக் காரின் விளிம்பில் வைத்தார்.

"எழுதி உங்களை ஏமாற்றலாம் என்று பார்த்தேன். என்னால் முடியவில்லை. இந்தப் பெண்ணும் விடவில்லை."

ஒஹாயோக்காரர் படத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். வெளியே போனார். தன் வாகனத்தின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிறைய நேரம் நின்றார். போய்விடுவார் என்றே நினைத்தோம். அக்கா தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை.

திரும்பி வந்தார். வோல்ற்றரை மட்டும் கூப்பிட்டு அறைக்குள் கதைத்தார். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய விரல்கள் விரிவதும் மடங்குவதும் தெரிந்தது. கடைசியில் வோல்ற்றர் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "வாங்குகிறான். பேசிய விலையில் ஆறாயிரம் குறைத்து."

கார் இருட்டமுன்னே போய்விட்டது. வாகனத்தின் பின்னால் பூட்டிய இழுவை வண்டியில் ஏற்றிப் போகும்போது குலம் அண்ணை துணி ஒன்றால் அதன் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே வண்டியோடு கேற் வரைக்கும் நடந்தார். கடிதம் பிஸ்டனுக்குக் கீழேயே கிடந்தது. வோல்ற்றர் விளக்கை அணைத்துவிட்டு, "நாளைக்கு வாருங்கள்," என்றார்.

அன்று இரவு மூன்று வீடுகளிலும் யாரும் நித்திரை கொண்டிருக்க மாட்டார்கள். அப்போது பகலாயிருக்கும் கொழும்பு லொட்ஜில் மட்டும் இரண்டு பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் விளையாடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

6

பல வருடம் கழிந்து, போன கிழமை விஜயதசமி. ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஏடு தொடக்கினார்கள். பனிக்கோட்டோடு குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். ஐயர் ஒவ்வொரு விரலாகப் பிடித்து அரிசியில் 'அ' எழுத, ஒரு சின்னப் பெண் "ஐ நோ ஏ, பி, சி ஆல்றெடி" என்று விரலை இழுத்துக்கொண்டாள். ஐயரே சிரித்துவிட்டார்.

குலம் அண்ணையின் குடும்பம் நான்கு பேரும் வந்திருந்தார்கள். ஆம், நான்கு பேர். கஜனுக்கு இப்போது பதினாலு வயது. காதில் வயரைச் செருகிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான்.

"உவனைக் கேளுங்கோ தம்பி, இண்டைக்கு என்ன நாளெண்டு," என்றா அக்கா.

"சம்திங் வித் றைஸ்," என்றான்.

"அடேய், அந்தப் பச்சைக் கார் இல்லாட்டி நீ இஞ்சை நிக்கமாட்டாய், தெரியுமோ?" என்றார் குலம் அண்ணை.

"வாட் கார், அப்பா?"

குலம் அண்ணை என்னைப் பார்த்தார். சொல்லத் தொடங்கினார். விட்டுவிட்டார். "பிறகு சொல்லுறன்," என்றார். தர்சினி மட்டும் தாயின் கையைப் பிடித்து, "நீங்கள் இங்கிலிஷ் கதைச்ச நாள்தானே அம்மா?" என்றாள். அவளுக்கு அந்த அளவுக்குத்தான் தெரியும்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று சொன்னால் பொய். அவர்கள் தமிழ் வாசிப்பதில்லை.

7

கார் போன மறுநாள், அந்தத் திங்கட்கிழமையோடு முடிக்கிறேன்.

நானும் குலம் அண்ணையும் விடிய வெள்ளனவே போனோம். வோல்ற்றர் எங்களுக்கு முன்னமே வந்திருந்தார். கார் நின்ற இடத்தில் எண்ணெய்த் துளிகூட இல்லாத வெறும் சீமெந்து. சிவப்புத் துணியும் சாமான்களும் வைத்தபடி இருந்தன. ஒருவரும் தொடவில்லை.

"ஆறாயிரத்தில் பாதி என்னுடையது," என்றார் வோல்ற்றர். "ஏன் தொடக்கூடாது என்று நான் சொல்லியிருக்கவேண்டும். மற்றப் பாதி உங்களுடையது. சம்பளத்தில் கிழமைக்கு இருபத்தைந்து டொலர்படி கழிக்கிறேன். சம்மதம் என்றால் எழுதித் தரவேண்டும்."

நான் மொழிபெயர்க்க முன்னமே குலம் அண்ணை தலையை ஆட்டி "ஓம்" என்றார். வோல்ற்றருக்கு அந்தச் சொல் தெரியும். பிஸ்டனைத் தூக்கினார். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, கடிதத்தில் கையெழுத்து வைத்தார். கோணலாக, நடுங்கி, ஆனால் முழுப் பெயரும்.

வெற்றுத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். குலம் அண்ணை சிவப்புத் துணியில் இருந்து என் பேனையை எடுத்து, கண்ணில் ஒற்றி, என் கையில் தந்தார்.

"எழுதும் பண்டிதர். இண்டைக்கு எழுதலாம்."

அந்தக் கீறுகள் என்னவென்று தெரிந்தும் குலம் அண்ணைக்குச் சொல்லாதவன் நானும்தான். ஒருவர் பெயருக்குப் பதில் இரண்டு பேரின் பெயரைப் போட்டேன். குலம் அண்ணை எட்டிப் பார்த்தார். தன் பெயர் அவருக்கு இங்கிலிஷில் வாசிக்கத் தெரியும். மற்றது யாருடையது என்று கேட்கவில்லை. சாமி பெயர் எழுது என்று அம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. அந்த விஜயதசமிக்கு நான் முதன்முதல் எழுதியது, எங்கள் இரண்டு பேரின் பெயருக்கும் கீழே, எண்ணிலும் பிறகு எழுத்திலும்: மூவாயிரம் டொலர் மாத்திரம்.